கறுப்பு வர்ணம் பூசிய ஜன்னல்

மர விண்கலத்தின் நடு இருக்கை சூடாக இருந்தது.

தைசியா கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். மாஸ்கோவுக்கு வெளியே, பிப்ரவரி மாதம், வாயைத் திறந்தாலே புகை வருகிற கூடம். பிளைவுட் வாடையும் கோந்து நாற்றமும் மூக்கை அடைக்கிற கலத்தின் சின்ன அறைக்குள், அவள் கணவன் க்ளேபின் முதுகை அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் பள்ளம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருந்தது.

நிலவுக்கு மூன்று பேரை ஏற்றிப்போக வரைந்த கலம் அது. ஏழு வருடம் அவளும் உட்கார்ந்து வரைந்தாள். மேலிடத்திலிருந்து ஒரே தாளில் வேண்டாம் என்று வந்துவிட்டது. வரைபடங்களை எரித்தாயிற்று. மிச்சம் இந்த மர மாதிரிதான், இதையும் சாயங்காலத்துக்குள் அறுத்துப் போட வேண்டும். இதில் ஜன்னல்கூட நிஜமில்லை, வெளிப்பலகையில் கறுப்பு வர்ணத்தில் போட்ட ஒரு வட்டம். அறுப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் பட்டியலில் குறிக்க வந்திருந்தாள்.

"ஏம்மா, உள்ளேயே குடித்தனம் வச்சிட்டியா?" வெளியே ரம்பத்துக்கு எண்ணெய் விட்டபடி தச்சர் அர்ஹிப் கேட்டார். "உன் வீட்டுக்காரர் எங்க? வெள்ளிக்கிழமை என்னா கூத்து அடிச்சாரு!"

"உடம்பு சரியில்லண்ணே."

பட்டியலில் அடுத்த பாகத்தைக் குறித்தாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் இங்கே கூடிக் கலத்துக்குப் பிரியாவிடை கொடுத்தார்கள். வோட்கா இறங்கியதும் க்ளேப்தான் ஆரம்பித்தான்: "பயணம்னா உக்காந்துட்டுத்தானே கிளம்பணும்? உக்காருங்கடா!" எந்த ரஷ்ய வீட்டிலும் நடப்பதுதான். கிளம்பும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் வாய் பேசாமல் உட்காருவார்கள். ஒருவர் 'சரி, கிளம்புவோம்' என்பார், எழுவார்கள். க்ளேப் நடு இருக்கையில் ஏறினான், மற்றவர்கள் தரையில். நிமிடம் முடிவதற்குள் யாரோ சிரித்துவிட, கலைந்துவிட்டார்கள். அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவன் நடையில், தொலைபேசிக்குக் கீழே இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் மார்பில் முட்ட, அந்தப் பள்ளத்தில் படுப்பது போலவே முதுகை வளைத்து. மூன்று நாளாகிறது. சோறு தண்ணீர் இல்லை, பேச்சும் இல்லை. அதே குடியிருப்பின் பக்கத்து அறைக்காரர்களோடு சேர்ந்து தூக்கிப் பார்த்தாள். அதே வடிவத்தில் வந்தான், விட்டதும் அதே வடிவத்தில் உட்கார்ந்தான். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார்.

"அண்ணே, ரம்பத்தை வைக்காதீங்க."

"நல்லா இருக்கே! ஆபீசர் வந்து பார்த்தா என்னையில்ல அறுப்பான்?"

முதல் இழுப்பு. மரத்துக்குள் யாரோ முனகினார்கள்.

அர்ஹிப்புக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. குதித்து இறங்கி, கூடத்து மூலையில் இருந்த தொலைபேசிக்கு ஓடினாள். வீட்டு எண்ணைச் சுழற்றினாள். இரண்டு முறை தப்பான எண். மூன்றாவது முறை, உட்கார்ந்தபடியே க்ளேப் ரிசீவரை எடுத்தான்.

இங்கே அர்ஹிப் ரம்பத்தை இழுத்தார். ரிசீவரில் க்ளேப் முனகினான். இன்னொரு இழுப்பு. இன்னொரு முனகல்.

"க்ளேப்! எந்திரி! உன் கால்ல விழறேன், எந்திரி!"

"யாரும் சொல்லலையே, தைசா," என்றான். "சொல்லாம எப்படி எந்திரிக்கறது?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா! ஒரே ஒரு வார்த்தை!

"சரி," என்றாள். "கிளம்புவோம்."

முக்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டான். உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

பிறகு ஒன்றுமில்லை. பேச்சில்லை. மூச்சில்லை. ஒயரில் தொங்கும் ரிசீவர் மட்டும் அங்கே சுவரில் மோதியது. டொக். டொக்.

இங்கே ரம்பமும் நின்றிருந்தது.

அர்ஹிப் சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தார். அவள் கலத்தருகே ஓடினாள், கதவு மூடியிருந்தது. "நான் மூடல தாயே," என்றார்.

வர்ண வட்டத்தில் ஆவி படிந்தது. உள்பக்கம்.

ஒரு கை அதைத் துடைத்தது.

க்ளேப். கண்கள் விரிந்து. வாய் திறந்து மூடியது. தட்டினான். சத்தமில்லை. அவனுக்குப் பின்னால் வெறும் இருட்டு. முகம் சிறுத்தது. உள்ளங்கை அளவு. பொத்தான் அளவு.

அவள் நகத்தால் சுரண்டினாள். வர்ணம் உதிர்ந்தது. அடியில் மரம். வெறும் மரம்.

சுரண்டாத ஓரத்தில், கடுகளவில், அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.