பெட்டி எண் 417-இல் வந்த ராக்கி

தர்மேஷ் அன்று காலை, வெளிநாட்டில் தான் பிழைக்க வந்த ஏரிக்கரை ஊரான ஜின்ஜாவின் தபால் நிலையத்துக்குப் போனது ஓர் இன்சூரன்ஸ் கடிதத்தை எடுக்கத்தான். வேறு எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை. ஊரிலிருந்து கடிதம் போட இனி அவனுக்கு ஆள் இல்லை.

ராத்திரி பெய்த மழையில் ஏரிப்பூச்சிகள் செத்து வராந்தா முழுக்கக் கறுப்பாகக் குவிந்து கிடந்தன. அவற்றின் மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கவுண்டரில் இருந்த வைஸ்வா அவனைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்ன சார், ஆளையே காணோம்? ஆகஸ்ட் பொறந்தா எனக்கு ஸ்வீட் வந்துடும். போன வருஷம் ஏமாத்திட்டீங்களே!"

பதினோரு வருடம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் குஜராத்திலிருந்து தங்கை ஜாக்ருதி ராக்கி அனுப்புவாள். அன்றைக்கே வைஸ்வாவுக்கு ஒரு டப்பா பேடா வந்துவிடும். போன வருடம் ராக்கி வரவில்லை. பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜாக்ருதி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை வைஸ்வாவிடம் சொல்ல தர்மேஷுக்கு வாய் வரவில்லை.

417-ஆம் எண் பெட்டியில் சாவியைத் திருகினான். இன்சூரன்ஸ் கடிதம் இல்லை. ஓரத்தில் குங்குமம் அப்பிய ஒரு வெள்ளை உறை மட்டும் கிடந்தது. பெயரின் கடைசி எழுத்தில் வாலை நீட்டி இழுத்துவிடும் கையெழுத்து. அந்த வாலை வைத்து ஜாக்ருதியை அவன் கேலி செய்யாத வருடம் கிடையாது.

"வந்துடுச்சா? அப்போ நாளைக்கு மறக்காம கொண்டாங்க!" என்றார் வைஸ்வா.

தர்மேஷ் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்றுதான் ராக்கிப் பண்டிகை. கோவில் ஹாலில் காலையிலிருந்தே சமையல் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தம்பிகளை ஊரில் விட்டுவிட்டு வந்த பெண்களும், அக்கா தங்கைகளை விட்டுவிட்டு வந்த ஆண்களும் அங்கே ஒன்றுசேர்ந்து ராக்கி கட்டிக்கொள்வார்கள். மாலையில் ஒவ்வொரு ஆணின் கையும் வளையல் கடை மாதிரி இருக்கும்.

மனைவி மித்தல் பூரி உருட்டும் முறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"போன வருஷம் போட்டது, எங்கயோ சுத்திட்டு இப்போ வந்திருக்கு. வேற என்ன?" என்றான் அவன்.

"சரி, வந்தது வந்துடுச்சு. அதைக் கட்டிக்க வேண்டாங்க. போனவ கையால அனுப்பினது."

"நீ கட்டிவிடேன். எப்பவும் நீதானே அவளுக்குப் பதிலா கட்டுவ?"

"என்னால முடியாது. வருஷ திதியும் முடிஞ்சாச்சு, ஹாலுக்கு வாங்க. பத்துப் பேர் இருக்காங்க கட்டறதுக்கு."

அவன் போகவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தத்துக்குப் பிறகு வீடு கம்மென்று ஆனது. அவன் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து கருப்பஞ்சாறு காயும் வாசனை வந்தது. ஏரிக்கு மேல் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

உறையைப் பிரித்தான். சிவப்பு நூல், நடுவில் ஒரு முத்து. இடது கையால் வலது மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்தான். நழுவியது. மறுபடி சுற்றினான். மறுபடி நழுவியது. தன் கையில் தானே ராக்கி கட்டிக்கொள்ள எந்த அண்ணனாலும் முடியாது. இத்தனை வயதில் அன்றுதான் அது அவனுக்கு உறைத்தது.

போன வருடம் ஜாக்ருதி காய்ச்சலில் படுத்திருந்தபோது, "இந்தத் தடவை நேர்லயே வர்றேன், நீயே கட்டு" என்று போனில் சொன்னவன் அவன். சொல்லும்போதே பாதி மனதுதான். அதற்குள் ஆலையில் பாய்லர் பழுது. சீசன் முடியட்டும் என்று இருந்துவிட்டான். டிக்கெட் எடுக்கவேயில்லை.

நூலை மேஜையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து அழுதான். அழுதபடியே கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. சாயங்கால வெளிச்சம் ஜன்னலோரம் மட்டும் கொஞ்சம் நின்றது. அறைக்குள் நெல்லிக்காய் எண்ணெய் வாசனை. மித்தல் தலைக்கு அந்த எண்ணெய் வைப்பதில்லை.

வலது கை கனத்தது.

மணிக்கட்டில் ராக்கி இருந்தது.

இரட்டை முடிச்சு. மிச்ச நூல் கத்தரியால் வெட்டியது போல் இல்லாமல், பிசிறு பிசிறாக இருந்தது. ஜாக்ருதி சிறுவயதிலிருந்தே நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர்.

நுனியைத் தொட்டுப் பார்த்தான்.

ஈரமாக இருந்தது.

மித்தல் வந்தபோது அவன் அசையாமல் அதே நாற்காலியில் இருந்தான். அவள் மெழுகுவர்த்தியை ஏற்றி மேஜையில் வைத்தாள். ஹாலிலிருந்து கொண்டுவந்த பேடாத் தட்டும் பக்கத்தில் இருந்தது. அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தாள்.

"யாருங்க கட்டினது?" என்றாள்.

அவன் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தான்.

அவள் ஜாக்ருதியின் கணவன் நிலேஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். போன வருட ராக்கி இப்போதுதான் வந்து சேர்ந்தது என்று சொன்னாள்.

"எப்படி அண்ணி வரும்?" என்றான் நிலேஷ். "அவ அதை அனுப்பவே இல்லையே. கவர்ல போட்டு, அட்ரஸ் எல்லாம் எழுதி வச்சிருந்தா. அதுக்குள்ள அண்ணன் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டாரா, 'தபால்ல போடாதீங்க, நானே கட்டிவிடறேன்'னு தலைமாட்டுலயே வச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் நான்தான் அலமாரியில வச்சுப் பூட்டினேன்."

தர்மேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

அங்கே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. துணிகளைத் தள்ளும் சத்தம்.

"இல்ல அண்ணி. கவர் இங்க இல்ல."

மித்தல் மேஜையிலிருந்த உறையை மெழுகுவர்த்திப் பக்கம் கொண்டுபோனாள். காலையில் கையெழுத்தை மட்டுமே பார்த்தவன் இப்போதுதான் மற்றதைப் பார்த்தான். தபால்தலை இல்லை. முத்திரை இல்லை.

"உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா," மித்தல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எதுவும் கேக்காதீங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க."

ராக்கி கட்டிய தங்கையிடம், உனக்கு என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். பதினோரு வருடமும் அவன் போனில் கேட்டான். பதினோரு வருடமும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். நீ வா, அது போதும்.

அவன் ஒரு பேடாவை எடுத்துக் காலி நாற்காலிக்கு எதிரே வைத்தான்.

"தப்பு பண்ணிட்டேன்டி. வர்றேன்னு பொய் சொன்னேன். இப்போ சொல்லு, எலி. உனக்கு என்ன வேணும்?"

மெழுகுவர்த்தி அணைந்தது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மித்தலின் நகங்கள் அவன் தோளில் பதிந்தன.

எதுவும் அசையவில்லை. நெல்லிக்காய் எண்ணெய் வாசனை கிட்டே வந்தது.

பிறகு கரண்ட் வந்தது.

காலி நாற்காலிக்கு எதிரே பாதிப் பேடா இருந்தது. சின்னச் சின்னப் பல் தடங்கள். எதைத் தின்றாலும் கடித்துப் பாதியை அண்ணனுக்கு வைப்பது அவள் பழக்கம். தர்மேஷ் அதை எடுத்தான். மித்தல் வேண்டாம் வேண்டாம் என்று தலையசைக்க, வாயில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மேஜையிலிருந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அதில் நிலேஷ் விம்மிக்கொண்டிருந்தான்.

"அண்ணா... அவ சிரிக்கிறா அண்ணா. 'நீ வரல, அதான் நானே வந்துட்டேன்'னு சொல்றா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. போனை அவகிட்ட குடுங்க. ஒரே ஒரு நிமிஷம் குடுங்க அண்ணா."

தர்மேஷ் போனை மெல்ல நகர்த்தி, எதிர் நாற்காலியின் பக்கம் வைத்தான்.

நாற்காலி முன்னால் நகர்ந்து வந்தது.