எதிர்வீட்டு பாட்டில்கள்

அருள்குமார் வாயைத் திறந்தான். அவன் மனைவி தேன்மலர் எச்சிலைப் பஞ்சில் ஒற்றி நொதிக்கலத்துக்குள் போட்டாள்.

கோயம்புத்தூரில் இப்போது யாரும் கடையில் பீர் வாங்குவதில்லை. வீட்டுக்கு வீடு நொதிக்கலம்தான். அதற்குள் இருக்கும் சுவைநொதி ஓர் உயிருள்ள ஈஸ்ட். எச்சிலைப் படித்து, அந்த நாக்குக்குப் பிடித்தபடி பீரை வடித்துக் கொடுக்கும்.

தேன்மலருக்குக் குடியில் ஆசை இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அருளுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. அவள் சமையலை அவன் வைக்கோல் மாதிரி மென்று விழுங்குவதை எதிரே உட்கார்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. செத்த நாக்கையும் சுவைநொதி எழுப்பிவிடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

முதல் முறை வடித்ததை மெல்லிய வெள்ளை பாட்டில்களில் அடைத்து ஜன்னலோரம் அடுக்கினாள். அடைத்த பிறகும் நொதி காற்றை விடும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. சில வெடித்தன. மிச்சம் வெயில் பட்டு நாறியது.

எதிர்வீட்டு சுலோச்சனா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்கண்ணு, பீர் வடிச்சியா, பெருச்சாளி வளத்தியா? கெட்டிக் கண்ணாடியா, பழுப்பு நெறமா இருக்கோணும். எங்கூட்டுக்காரரு பாட்டிலு சும்மாதான கெடக்குது, எடுத்துக்க."

அவள் கணவர் போன வருடம் இறந்துபோனவர். அவள் கொண்டுவந்த ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் ஒரு வாய் பீர் இருந்தது.

"இதென்னங்கக்கா?"

"வெறும் ஏனத்தக் குடுப்பாங்களா? கடேசியா அவரு வடிச்சது."

கொட்டிக் கழுவத் தேன்மலருக்கு மனம் வரவில்லை. அதன் மேலேயே தன் பீரை ஊற்றி மூடினாள். பதமானதும் அருள் தினம் ஒரு டம்ளர் குடித்தான். துணைக்கு அவளும் இரண்டு மடக்கு குடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் டம்ளரோடு எழுந்து நின்றான்.

"தேனு! கசக்குது புள்ள!"

"நெசமாவா?"

"கசக்குது! நல்லாக் கசக்குது!" அவன் கண்ணில் நீர் வழிந்தது.

அவள் ஓடிப்போய் அவனுக்கு உயிரான முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள். ஒரு வாய் தின்றவன் தட்டைத் தள்ளினான்.

"என்ன புள்ள இது? வெல்லத்தக் காணோம். பெருங்காயம் போட்டியா இல்லியா?"

"சாம்பார்ல வெல்லம் போட்டா, பாயாசமான்னு கேப்பீங்களே!"

நல்ல செய்தியைக் கேட்டு வந்திருந்த சுலோச்சனா வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்த் தன் வீட்டுச் சாம்பாரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வெல்லமும் பெருங்காயமும் அறை முழுக்க மணத்தன. அருள் வழித்துத் தின்றான்.

"இதுதான் சாம்பாரு!"

சுலோச்சனாவின் முகம் வெளுத்தது. "இது எங்கூட்டுக்காரரு ருசி கண்ணு. வேற ஆரும் வாயில வெக்க மாட்டாங்க. நானே மூக்கப் புடிச்சுட்டுத்தான் திம்பேன். அவரு போனப்பறம் அவரு பீரக் குடிக்கக் குடிக்க எனக்கும் புடிச்சுப்போச்சு. பிரியத்துலன்னு நெனச்சுட்டிருந்தேன்."

தேன்மலர் திரும்பி அந்தப் பழுப்பு பாட்டில்களைப் பார்த்தாள். சுவைநொதி நாக்குக்கு ஏற்ற பீரை வடிக்கவில்லை. பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்த இறந்தவரின் நொதி நாக்கின் மொட்டுகளில் குடியேறி, பீருக்கு ஏற்ற நாக்கை வடித்துக்கொண்டிருந்தது. ஊரில் எத்தனை வீடுகளில் பாட்டில் கை மாறியிருக்கும்?

"என் சாம்பாருக்கு என்ன கொறைங்க?" என்று கத்தினாள். தள்ளிவைத்த தட்டை இழுத்து, அவன் பார்க்கவே ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள்.

மெல்ல முடியவில்லை. அப்படியே துப்பினாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தேன்மலரின் விரல் அதை நோக்கிப் போயிற்று.