சாவி பிடுங்கிய கை

வேனுக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

காக்கி பேன்ட். பிரவுன் ஷூ. ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து கிடந்தது.

யாரோ மெக்கானிக் படுத்திருக்கிறான் என்றுதான் அமீர் முதலில் நினைத்தான். அவன் வேனுக்கு அடியில், அவனுக்கே தெரியாமல் எந்த மெக்கானிக்...?

குனிந்து பார்த்தான்.

தொண்டையிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. அது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

ஏட்டு காசிநாதன்!

கண்கள் திறந்தபடி இருந்தன. உயிர் எப்போதோ போய்விட்டது. வலது கை மட்டும் தேங்காய் அளவு கல் ஒன்றை விடாமல் பிடித்திருந்தது.

நேற்று சாயங்காலம் இந்த வேன் மேலே செக்போஸ்ட் வாசலில் நின்றது. முன் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்தவனே அமீர்தான். இப்போது அதே வேன் சரிவில் இறங்கி வந்து, வளைவில் நிற்கும் புளியமரத்தில் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கிறது. இடையில் ஒரு மனிதன் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

பின்னால் ஜீப் சத்தம் கேட்டது.

"அசையாத. அப்டியே நில்லு."

சப்-இன்ஸ்பெக்டர் தனசேகரன். கஞ்சி போட்ட சட்டை, படிய வாரிய தலை, முகத்தில் பவுடர். விடிந்தும் விடியாத நேரத்தில் மனிதர் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"சார்... இப்பத்தான் மொத பஸ்ல வந்து எறங்கனேன் சார். ஏட்டய்யாதான் காத்தால வரச் சொன்னாரு..."

"செத்தவன் வரச் சொன்னானா? நல்ல சாட்சிடா உனக்கு."

கையில் விலங்கு விழுந்தது.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அமீர் விழுந்திருக்கும் குழியின் ஆழம் புரியாது.

அமீருக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையம் ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறான். கல்வராயன் மலைக்கு ஆட்களையும் அரிசி மூட்டையையும் ஏற்றுவான், இறங்கும்போது பலாப்பழமும் புளியும் கொண்டுவருவான். நேற்று மத்தியானம் அவன் இறக்கிக்கொண்டு வந்தது பாம்பு கடித்த ஒரு பெண்ணை. சாலம்மாள் என்று பெயர். பின் சீட்டில் வாயில் நுரை தள்ளக் கிடந்தாள்.

செக்போஸ்ட்டில் தனசேகரன் கை காட்டினார். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று அமீர் கெஞ்சினான். தனசேகரன் பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்துக் கண்ணை அசைத்தார். காசிநாதனின் கை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. சாவி போய்விட்டது!

அந்த செக்போஸ்ட்டில் அதுதான் வழக்கம். முதலில் சாவி, பிறகுதான் பேச்சு. பிடிபட்ட வண்டிகள் அங்கே சும்மாவும் நிற்காது. எஸ்.ஐ. வீட்டுக்கு மணல் அடிக்கும், எஸ்.ஐ. சொந்தக்காரர்களைத் திருக்கோவிலூர் கோயிலுக்குக் கூட்டிப்போகும். டீசல் டிரைவருடையது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் வயிறு எரியும். எரிந்து என்ன பண்ண?

சாலம்மாளை வேறொரு வேனில் தூக்கிப்போட்டு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த நேரத்தில் அமீருக்கு அது தெரியாது. சாவியைக் கேட்டான். தனசேகரன் கன்னத்தில் அறைந்தார். அவமானத்தில் புத்தி தடுமாறி, எஸ்.ஐ.யை விட்டுவிட்டு ஏட்டைப் பார்த்துக் கத்தினான்.

"சாவிய புடுங்குன இந்தக் கைய என் வண்டியே ஏறி நசுக்கும். பாத்துக்கினே இரு!"

பத்து செல்போன்கள் அதைப் படம் பிடித்தன.

டிரைவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். எஸ்.ஐ. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். பொழுது சாயும்வரை இழுத்தடித்து, மேலதிகாரி நாளைக்கு வருவார் என்று சொல்லிக் கலைத்துவிட்டார் தனசேகரன். எல்லோரும் போனபிறகு காசிநாதன் மெதுவாக அமீர் பக்கத்தில் வந்து நின்றார்.

"காத்தால மொத பஸ்ஸுக்கு வா பாய். அய்யா வர்றதுக்குள்ள சாவிய குடுத்துர்றேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. மேல இருக்கறவரு கண்ண காட்டுனா புடுங்கித்தான் ஆவணும்."

அதை வேறு யாரும் கேட்கவில்லை. சொன்னவர் இப்போது வேனுக்கு அடியில் கிடக்கிறார்.

வெயில் ஏறியபோது டி.எஸ்.பி. பெரியநாயகி வந்து இறங்கினாள். ஒல்லியான உடம்பு, கண்ணாடி. அதிகம் பேசாதவள். காசிநாதனின் உடலை எடுத்துப் போய்விட்டார்கள். கல் மட்டும் சாலையோரத்தில் கிடந்தது. ஸ்டாண்டு டிரைவர்கள் கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே கூடி நின்றார்கள். நேற்று அமீருக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்கள்தான். இன்று ஒருத்தனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தனசேகரன் கேஸை அழகாக அடுக்கினார். ஊர் முன்னால் மிரட்டியிருக்கிறான், வீடியோ இருக்கிறது. பிடுங்கிய சாவி செக்போஸ்ட் ஆணியை விட்டு நகரவே இல்லை. ஆனால் இவனிடம் இன்னொரு சாவி உண்டு. அதைக் கொண்டுவந்து வண்டியை எடுத்திருக்கிறான். ஏட்டு தடுக்க வந்து கல்லை ஓங்கியிருக்கிறார், இவன் ஏற்றிவிட்டான்.

"இன்னொரு முக்கியமான விஷயம் மேடம். இப்பத்தான் ஸ்டாண்டுல விசாரிச்சேன். இந்த வண்டிய இவனத் தவிர எவனாலயும் ஸ்டார்ட் பண்ண முடியாது. ஏன்னு இவன் கூட்டாளியவே கேளுங்க."

ஸ்டாண்டின் மூத்த டிரைவர் உமர் பாரூக் முன்னால் தள்ளப்பட்டார்.

"போலீஸ்காரங்க வண்டிய எடுத்துக்கினு போறாங்கன்னு... பேட்டரி லைன்ல ஒரு திருட்டு சுச்சு வெச்சிருக்கான் மேடம். அத ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் ஓடாது. எங்க வெச்சிருக்கான்னு எங்களுக்கே தெரியாது. என் வண்டிய நான்தான் எடுக்க முடியும்னு எப்பவும் பெருமையா சொல்லிக்குவான்..."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தன் பெருமையே தனக்குத் தூக்குக் கயிறாக வந்து நிற்கும் என்று அமீர் கனவிலும் நினைத்ததில்லை. நேற்று சாவியைப் பறிகொடுத்ததும் அவன் முதலில் செய்த காரியம், முட்டுக்கல் வைக்கிற சாக்கில் அந்த சுவிட்சை அணைத்ததுதான். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் அணைத்தான், அவனே போட்டான் என்பார்கள்.

கான்ஸ்டபிள் ராசு பைக்கில் வந்தான். பின்னால் நூர்ஜகான் உட்கார்ந்திருந்தாள். அமீரின் மனைவி. கொத்துச் சாவியில் கிடந்த அந்த இன்னொரு சாவியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். புருஷன் கையில் விலங்கைப் பார்த்ததும் பைக் நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தாள்.

"இது ராத்திரி முழுக்க என் இடுப்புல இருந்துச்சுங்க. சத்தியமா சொல்றேன். இவரு பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப வெறுங்கையோடதான் போனாரு."

"பொண்டாட்டி வேற இன்னா சொல்லுவா?" என்றார் தனசேகரன்.

பெரியநாயகி நூர்ஜகானைப் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள்.

"வண்டிக்குள்ள யாராவது ஏறினீங்களா?"

"சான்ஸே இல்ல மேடம். கதவக்கூட யாரும் தொடல. கைரேகை எடுக்க விழுப்புரத்துலேர்ந்து ஆளுங்க வர்றவரைக்கும் ஒரு ஈ உள்ள போவக்கூடாதுன்னு நானே காவல் நின்னேன்."

"குட்."

அந்த ஒரு வார்த்தை தனசேகரனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவரைப் பற்றி ஸ்டாண்டில் ஒன்று சொல்வார்கள். ஒரு வண்டி கையில் சிக்கினால் ஒரு கேஸோடு விடமாட்டார். சீட் பெல்ட் என்று ஆரம்பித்து வைப்பர், இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டில் சேறு என்று வரிசையாகக் கோர்ப்பார். பழக்கம் சும்மா இருக்குமா? கொலைக் கேஸிலும் அவருக்கு நாக்கு அரித்தது.

"கொலையோட விடப் போறதில்ல மேடம். இது ரோட்டுல ஓட்டவே லாயக்கில்லாத வண்டி. ஹாரன அமுக்குனா சத்தமே இல்ல. பிரேக்கு கல்லு மாதிரி கெடக்குது. ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சாலும் எறங்க மாட்டேங்குது. அதுக்கும் தனியா ஒரு கேஸ் சேக்கறேன்."

அமீர் வெடுக்கென்று நிமிர்ந்தான்.

கொலைகாரன் என்றபோதுகூட அவனுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. பிரேக்கைச் சொல்லிவிட்டாரே! போன வாரம்தான் எஃப்.சி. முடித்த வண்டி. சோதனை பண்ணின அதிகாரியே பிரேக்கைப் பாராட்டினார்.

என் பிரேக்கா கல்லு மாதிரி என்று கேட்க வாயைத் திறந்தான்.

அப்படியே நிறுத்திக்கொண்டான்.

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

"மேடம்... கதவையே யாரும் தொறக்கலன்னு சார் சொன்னாரு. அப்ப பிரேக்க மிதிச்சுப் பாத்தது யாரு?"

கீழே எங்கோ ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது.

தனசேகரன் சிரிக்க முயன்றார். "பழைய வண்டி மேடம்... அப்டித்தான் இருக்கும்னு ஒரு யூகத்துல..."

"யூகத்துல ரெண்டு காலாலயும் மிதிச்சீங்களா?"

அவர் ஜீப் பக்கமாக ஓரடி நகர்ந்தார்.

"எஞ்சின் ஓடிக்கினு இருந்தா என் பிரேக்கு ஒரு வெரலுக்கு எறங்கும் மேடம்," என்றான் அமீர். "எஞ்சின் ஓடலன்னாதான் கல்லாயிடும். சுச்சு ஆஃப்ல இருந்தா ஹாரனும் அடிக்காது. நான் இந்த வண்டிய ஓட்டிக்கினு வந்து இடிச்சிருந்தா... அது கல்லா இருந்ததுன்னு இவருக்கு எப்டித் தெரியும்?"

பெரியநாயகி கையுறையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். பிரேக்கை மிதித்தாள். இறங்கவில்லை. ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை.

"சுவிட்ச் எங்க இருக்கு?"

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ரகசியம். அமீர் சொல்லிவிட்டான். முன் பம்பருக்குப் பின்னால், சேறு பூசி மறைத்த பொத்தான். ராசு குனிந்து அதைத் தட்டினான். பெரியநாயகி நூர்ஜகானின் சாவியைப் போட்டுத் திருகினாள். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. பிரேக்கை மறுபடி மிதித்தாள். சேற்றில் கால் வைத்தது மாதிரி இறங்கியது. ஹாரன் மலையே எதிரொலிக்க அலறியது.

அவள் இறங்கி வந்து சாலையோரத்துக் கல்லைப் பார்த்தாள். "அப்ப இந்தக் கல்லு?"

"அடிக்கறதுக்கு எடுத்ததில்ல மேடம்." அமீருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "மலை வண்டி பின்வாங்குனாலும் முன்னால உருண்டாலும் நாங்க ஓடிப்போய் சக்கரத்துக்குக் கல்லு வெப்போம். ஏட்டய்யாவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. உருள்ற வண்டிய நிறுத்தத்தான் ஓடியிருக்காரு. நான் அவரப் போய் அப்டி பேசிட்டேனே..."

உமர் பாரூக் கயிற்றைத் தாண்டி வந்தார். இந்த முறை யாரும் அவரைத் தள்ளவில்லை.

"மேடம், நேத்து காத்தால இந்த சாரு ஸ்டாண்டுக்கு வந்து ஓசி வண்டி கேட்டாரு. மச்சினி வூட்டு பீரோவ மலைக்கு ஏத்தணுமாம், இன்னிக்குள்ள போவணுமாம். நாங்க யாரும் தர மாட்டோம்னுட்டோம். மத்தியானம் அமீர் வண்டியப் புடிச்சிட்டாரு."

அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் தானாகவே விளங்கியது. விடியும் முன்னால் தனசேகரன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கல்லை எடுக்கச் சொல்லி ஏட்டையே தள்ளச் சொன்னார். வண்டி சரிவில் ஓடியது, எஞ்சின் மட்டும் எழவில்லை. பிரேக் கல்லாக நின்றது. காசிநாதன் கல்லோடு முன்னால் ஓடினார். தனசேகரன் இறங்கி, ஸ்டீயரிங்கைத் துடைத்து, சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் பஸ்ஸில் அமீர் வந்து இறங்கியது அவருடைய அதிர்ஷ்டம்.

பெரியநாயகி திரும்பினாள். தனசேகரன் அங்கே இல்லை.

ஜீப்பில் இருந்தார்! எஞ்சின் உறுமியது. நின்ற டிரைவர்கள் சிதறி ஒதுங்கினார்கள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் இருந்தது அமீர் மட்டும்தான். விலங்கு போட்ட இரண்டு கைகளும் ஒன்றாக ஜன்னலுக்குள் பாய்ந்தன. பழகிய கை பிடுங்குவது மாதிரியே பிடுங்கின. எஞ்சின் செத்தது.

அமீர் சாவியை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"ஓரமா நிறுத்திட்டு எறங்குங்க சார். லைசென்ஸு, ஆர்.சி., இன்சூரன்ஸு... எல்லாத்தையும் எடுத்துக்கினு மேடமப் போய்ப் பாருங்க."