வாசலில் என் ஷூ

எங்கள் பள்ளியில் ஆலோசகர் மிஸ்ஸின் அறையில் கம்பளம் விரித்திருக்கும். ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வம்பே அங்கேதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஷூவே ஊருக்குச் சொல்லிவிடும்.

என் ஷூவுக்குப் பச்சை லேஸ்.

"பச்சை லேஸுக்கு மறை கழண்டுடுச்சு," என்று எங்கள் வகுப்பு 'ரேடியோ' இடைவேளை முழுக்க ஒலிபரப்பினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா மருத்துவமனையில் இருக்கிறார். அவர் அங்கே போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா கேட்டால், "ஒண்ணுமில்லப்பா," என்பேன். மிஸ்ஸிடம்தான் வாய் திறந்தது.

"அம்மா திரும்பி வரமாட்டாங்களோன்னு பயமா இருக்கு மிஸ்."

'அப்படியெல்லாம் நினைக்காதே' என்று அவர் சொல்லவில்லை. "அந்தப் பயம் எப்போ அதிகமா வருது?" என்று கேட்டார்.

யோசித்தேன். "சாப்பிடும்போது. அம்மா நாற்காலி காலியா இருக்கும்."

"இதை அப்பாகிட்ட சொல்ல முடியுமா?"

அன்று இரவு சொன்னேன். "என்னாலயும் அந்த நாற்காலியைப் பார்க்க முடியலடா," என்று அப்பா அழுதார். நானும் அழுதேன். பிறகு இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். பல நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

மிஸ்ஸிடம் போவதையா நான் விடுவேன்?

"ஷூவைப் பைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கோயேன்," என்றாள் என் தோழி.

"எதுக்கு? நான் என்ன திருடவா போறேன்?"

அடுத்த முறை ஷூவை வாசலுக்கு நட்டநடுவில் வைத்தேன். பச்சை லேஸை நன்றாக இழுத்து வெளியே விட்டேன்.

அதற்கடுத்த வாரம் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். குப்பைக்கூடைக்குப் பின்னால் இன்னொரு ஜோடி ஷூ எட்டிப் பார்த்தது. முனையில் நீல மை கொட்டிய ஷூ.

ரேடியோவுடையது!

என் நாக்கு துறுதுறுத்தது. இப்போது ஒலிபரப்பு என் முறை.

அந்த நேரம் பார்த்து எங்கள் வகுப்புக் கூட்டம் அந்தப் பக்கம் வந்தது. "குப்பைக்கூடைக்குப் பின்னாடி யாரு ஷூ அது?" என்றான் ஒருவன், குனிந்துகொண்டே.

உள்ளே இருப்பவனுக்கு எந்த நாற்காலி காலியோ, யார் கண்டது. எழுந்து போய் அந்த ஷூவை எடுத்து என் ஷூவோடு ஒட்டி வைத்தேன்.

"ரெண்டு ஜோடியும் என்னோடதுதான்," என்றேன். "எனக்கு நாலு காலு. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

அவர்கள் முழித்துக்கொண்டே போனார்கள்.

கதவுக்கு உள்ளே, யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பது கேட்டது.