சிரித்த மாதிரி ஒரு செட்

"பல்செட்டு பழகிடுச்சா?" என்று புருஷன் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"பழகிடுச்சுங்க. ரொம்ப நல்லாயிருக்கு."

அவள் குரல்தான். ஆனால் அவள் சொல்லவில்லை. உன்னையும் அந்தப் பல் டாக்டரையும் ஒரே குழியில் தள்ளி மூடணும் என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. நாக்கு அசையவே இல்லை. அண்ணத்தில் ஒட்டியிருந்த மேல்வரிசை மட்டும், ரப்பரும் கிராம்பு எண்ணெயும் கலந்த வாடையோடு, மெல்ல நழுவி, மறுபடி ஏறி ஒட்டிக்கொண்டதை உணர்ந்தாள்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு பயந்தியே. பாரு, இப்பத்தான் உன் வாயில நல்ல சொல்லே வருது," என்று அவன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டான்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? மேல்பற்கள் ஆடின, சரி, பிடுங்கியாயிற்று. கீழ்ப்பற்கள் பதினான்கும் கல் மாதிரி இருக்கின்றன. அவற்றையும் எடுத்துவிட்டு முழு செட்டாகப் போட்டால்தான் அழகு என்று டாக்டர் ஒரு மாதமாக நச்சரித்தார். செத்தாலும் மாட்டேன் என்று இவள் நின்றுவிட்டாள். அந்தக் கடுப்போ என்னவோ, மெழுகில் பல் பதித்துப் பொருத்திப் பார்த்த அன்று, டாக்டர் கண்ணாடியை அவள் கையில் தரவில்லை. வெளியே இருந்த புருஷனைக் கூப்பிட்டார்.

"தினமும் பார்க்கப் போறது நீங்கதானே சார். பிடிச்சிருக்கா?"

"எப்பவும் கடுகடுன்னே இருப்பா டாக்டர். கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சிடுங்க."

அவள் வாய் நிறைய மெழுகு. ஜன்னலுக்குத் திரைத்துணி எடுப்பதுபோல இரண்டு ஆண்களும் பேசி முடித்துவிட்டார்கள்.

பழகிடுச்சா என்று புருஷன் கேட்ட அன்றே, அவள் சூப்பர்வைசராக இருக்கும் தையல் கூடத்தில், நாற்பது மெஷின்களின் கடகடப்புக்கு நடுவே, ஒருத்தி சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருந்தாள். பத்து வருடமாக அந்தக் கூடத்தையே அடக்கி வைத்த தொண்டை இவளுடையது. மூச்சை இழுத்தாள்.

"பரவாயில்லம்மா. மெதுவா பிரிச்சுத் தைச்சுக்கோ."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"மேடம், உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாயிருக்கேம்மா."

கழிவறைக்குள் போய்த் தாழிட்டாள். கட்டைவிரலை வாய்க்குள் விட்டு செட்டை நெம்பினாள். வரவில்லை. பிளாஸ்டிக் சூடாக இருந்தது, ஈறைவிடச் சூடாக. மறுபடி நெம்பினாள். கடித்தது. ரத்தம் சொட்டும் விரலோடு நிமிர்ந்தாள். கண்ணாடியில் கண்கள் கொதித்தன. வாய் சிரித்தது.

சாயங்காலமே டாக்டரிடம் போனாள். புருஷனும் கூடவே வந்தான். வாயை நம்பாமல் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள்: இதைக் கழற்றுங்கள். என் கீழ்ப்பற்களைத் தொடாதீர்கள்.

டாக்டர் படித்தார். படித்துவிட்டுப் புருஷனிடம் நீட்டினார். அட பாவிகளா, எழுதினது நான்!

"எழுத்துல மட்டும் இன்னும் கோபம் போகல டாக்டர்," என்று அவன் சிரித்தான்.

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். அவர் அவளை நேராகப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்களே வாயால சொல்லுங்கம்மா. என்ன பண்ணட்டும்?"

உதடுகளை இறுக்கினாள். இரண்டு கைகளாலும் பொத்தினாள். விரல்களுக்கு அடியில் வாய் அசைந்தது.

"கீழயும் எடுத்துடுங்க டாக்டர்."

நாற்காலி சாய்ந்தது. விளக்கு. ஊசி. எழப் பார்த்தாள். புருஷன் அவள் கைகள் இரண்டையும் ஆசையாகப் பிடித்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டிக்கு எவ்வளவு தைரியம் பாருங்க!"

உள்ளுக்குள் கத்தினாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. வாய் திறந்தது. அகலமாக. இன்னும் அகலமாக. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. குறடு பக்கத்தில் வந்ததும், அது இறங்க வசதியாக, அவள் நாக்கு தானாக ஓரமாய் ஒதுங்கிப் படுத்துக்கொண்டது.