பதினொன்று பத்துக்கு ஒரு பொய்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

1996 ஜூன். வெள்ளவத்தை. ஒரு வியாழக்கிழமைக் காலை.

வாயிலிருந்த பாணை விழுங்கிவிட்டுக் கௌரி டெலிபோனை எடுத்தாள்.

"மகள், ஒடனே வாங்க!"

கொட்டாஞ்சேனை மருந்து மொத்தக் கடை முதலாளி பதியுதீன் ஹாஜியாரின் குரல்.

கௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து மாதம்! கடைக்கு ஒரு ஸ்டொக் புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பாவத்துக்கு ஐந்து மாதம்! என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்து கையெழுத்து வையுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். வைத்தார்கள். அதன் பிறகு இருபத்து மூன்று மாற்றங்கள் கேட்டார்கள்!

"இருபத்திநாலாவது மாத்தம் எண்டால் நான் வரமாட்டன், ஹாஜியார்!"

"மாத்தம் இல்ல மகள்... பொலிஸ் வந்தீக்கி! றொபேட்டப் புடிச்சிட்டாங்க. ஒங்கட கம்பியூட்டர்தான் காட்டிக் குடுத்தீக்கி!"

கௌரி செருப்பைத் தேடினாள்.

இரண்டு பஸ். இரண்டு சோதனைச்சாவடி. இரண்டு தடவை அடையாள அட்டை. அவர்கள் கையெழுத்து வைத்த ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி கடைக்குள் நுழைந்தபோது...

ஸ்டோர் கீப்பர் றொபேட் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் எடுக்கல்ல மிஸ்! அந்தோனியார் மேல சத்தியம்! முகத்துவாரத்தில என்ட றோஸிக்கு இது ஒம்பதாம் மாசம் மிஸ்..."

நாற்பது பெட்டி ஊசி மருந்தைக் காணவில்லை. காணாமல் போன மருந்து என்றால் வடக்கில் நடக்கும் யுத்தத்துக்குத்தான் போயிருக்கும் என்று பொலிஸ் முடிவு கட்டிவிடுகிற காலம் அது. உள்ளே போகிறவன் எப்போது வெளியே வருவான் என்று எவராலும் சொல்ல முடியாது.

இன்ஸ்பெக்டர் ஒரு கடுதாசியை நீட்டினார்.

"உங்க மெஷின் சொல்றது, நோனா. செவ்வாக்கிழமை, பதினொண்டு பத்து. நாப்பது பெட்டி 'பழுது, எறிஞ்சாச்சு'. எழுதின ஆள், றொபேட்."

"எல்லாரும் றொபேட்டின்ர பேரிலதானே கம்பியூட்டருக்குள்ள போறவை! பாஸ்வேர்டைத் திரையிலயே ஒட்டி வச்சிருக்கினம்! ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வேணுமெண்டு கேட்டனான். வெட்டினது ஆர்?"

கௌரி ஃபைலைப் புரட்டினாள். பக்கம் நான்கு. 'தேவையில்லை.' பக்கத்திலேயே மனேஜர் பேர்னாட்டின் கையெழுத்து.

பேர்னாட் சிரித்தான். "வேலை கெதியா நடக்கத்தானே, மிஸ் கௌரி. உங்கட புரோகிராம் பிழை விடாதெண்டு சொன்னதும் நீங்கதானே?"

வாயை அடைத்துவிட்டான், பாவி!

"சேர், பதினொண்டு பத்துக்குக் கடையில இருந்தது றொபேட் மட்டும்தான். நான் பத்தரைக்குப் பல்லுப் பிடுங்கப் போனனான். இந்தாங்க டொக்டர்ட துண்டு. பன்ரெண்டுக்குத் திரும்பி வந்து, றொபேட்டை அனுப்பிப்போட்டு, ஒரு மணி மட்டும் நான் தனியாத்தான் கடையைப் பாத்தன்."

யாரும் கேட்காமலே பேர்னாட் எல்லாம் சொன்னான்.

"யமு, போவம்!" என்றார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள்கள் றொபேட்டை வாசல் பக்கம் தள்ளினார்கள்.

கௌரிக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் வந்தது. அறுபத்தொரு பக்கம் எழுதியும் ஒரு மனிதனைக் காப்பாற்ற ஒரு வரி இல்லையா? பக்கங்களை விசிறினாள்.

பக்கம் ஏழு. யூ.பி.எஸ். கரண்ட் போனாலும் கம்பியூட்டரை ஓடவைக்கும் பெட்டி. 'வேண்டாம்' என்று ஹாஜியாரே எழுதியிருந்தார்.

கரண்ட்...!

கௌரி சுவரைப் பார்த்தாள். பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய மின்வெட்டு அட்டவணை. மழையில்லாத வருஷம். நாடு முழுக்க வெட்டு. கொட்டாஞ்சேனைக்குச் செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை!

"நில்லுங்கோ!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"செவ்வாய்க்கிழமை கரண்ட் எத்தினை மணிக்கு வந்தது, றொபேட்?"

"பன்னெண்டுக்குத்தான் மிஸ். மெழுகுதிரியோடதானே இருந்தன்..."

"கடையில யூ.பி.எஸ்ஸும் இல்ல, சேர். பதினொண்டு பத்துக்கு இந்தக் கம்பியூட்டர் செத்துக் கிடந்தது! செத்த கம்பியூட்டர் எப்பிடி எழுதும்?"

"அப்போ... நேரம் பிழையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கௌரி திரையைப் பார்த்தாள். 9.40. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். 10.40.

சரியாக ஒரு மணித்தியாலம்!

போன மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. நாட்டிலுள்ள மணிக்கூடெல்லாம் புது நேரத்துக்கு மாறியது. இந்தக் கம்பியூட்டர் மட்டும் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது!

"பிழை என்ர, சேர்." கௌரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நேரம் மாறினால் என்ன செய்யிறதெண்டு நான் ஒரு வரி எழுதேல்ல. நேரத்தையே மாத்துவாங்கள் எண்டு ஆர் கண்டது! இது காட்டுற பதினொண்டு பத்து, புது நேரப்படி பன்ரெண்டு பத்து."

ஹாஜியார் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை பன்ரெண்டு பத்துக்கு றொபேட் எங்க, ஹாஜியார்?"

"கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல! செவ்வாக்கெழம தவறமாட்டானே! தொழப் பள்ளிக்குப் போற வழியில நான்தானே வேன்ல எறக்கிவுட்டேன்!"

"அப்ப... அந்த நேரம் கடையில தனியா இருந்தது?"

இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த டொக்டர் துண்டைப் பார்த்தார். பிறகு பேர்னாட்டைப் பார்த்தார்.

கடுதாசியில் பதினொன்று பத்து என்று கண்டதும் கடவுளே சாட்சி சொல்ல வந்துவிட்டார் என்று நினைத்தவன் பேர்னாட். கரண்ட் இல்லாததை மறந்துபோனான். தவளை தன் வாயால் கெட்டது!

ஓடினான்.

பிரிண்டரிலிருந்து நீளமாகத் தொங்கிய கடுதாசி காலில் சுற்றியது. தொபீர்! வாயில் இரத்தம்.

இன்னொரு பல் போயிருந்தது. இந்தத் தடவை டொக்டர் தேவைப்படவில்லை.

"பெட்டியெல்லாம்... இரத்மலானையில... மச்சான்ட வீட்டில..." என்று தரையில் கிடந்தபடியே முனகினான்.

றொபேட் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதான். பிறகு எழுந்து, றோஸியைப் பார்க்க ஓடினான்.

கௌரி ஃபைலை மூடினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"மகள்..." ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஒரு சின்ன மாத்தம் ஈக்கி..."

"சொல்லித் துலையுங்கோ!"

"அந்தக் கம்பியூட்டர்ட நேரத்த மட்டும் மாத்திப் போடாதீங்க. கள்ளனப் புடிச்ச நேரமெல்லோ!"

கௌரி பேனையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"மாத்தம் இருபத்திநாலு: மாத்த வேண்டாம்! இதுக்கும் கையெழுத்து வையுங்கோ, ஹாஜியார்!"