நாலாறும் ஆறுநாலும்

1967 ஆடி. வெள்ளிக்கிழமை காலை ஆறரை. சரவணையில் ஒரு சின்ன அம்மன் கோயில். நீலகண்டக் குருக்கள் அம்மனுக்குச் சாத்தப் பெட்டியிலிருந்து பதக்கத்தை எடுத்தார். ஈரக்கை பட்ட இடத்தில் முலாம் உரிந்தது. கையில் இருந்தது போலி.

எட்டு மணிக்கு ஊர்காவற்றுறையிலிருந்து பொலிஸ் சார்ஜன் யாக்கோப்பு வந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்த வீட்டைக் கெட்டிக்காரரும் சந்தேகிப்பதில்லை. கொடுத்தவர் தருமகர்த்தா வல்லிபுரம். பெட்டி அவர் வீட்டில்தான் இருக்கும்.

"சாத்துறதும் கழற்றுறதும் ஐயர்தானே. உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு ஆர் கண்டது?" என்றார் அவர்.

ஒன்பது மணிக்குக் குருக்கள் வீட்டுக் குசினிப் பானைகள் பொலிஸ் சோதனையில் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. வேலியோரம் ஊரே நின்றது. குருக்களின் மனைவி லலிதாம்பிகை சேலைத் தலைப்பை உதறிக் காட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் குருக்களைப் பூசையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்துவிட்டது.

பத்தரைக்குக் கோயில் வாசலில் யாக்கோப்பின் விசாரணை.

"அசல் எப்பிடி இருந்தது, ஐயா?"

"வரிசைக்கு நாலு சிவப்புக்கல். ஆறு வரிசை. இருபத்துநாலு."

"வல்லிபுரம் அண்ணை?"

"ஓம், இருபத்துநாலுதான். வரிசைக்கு ஆறு, நாலு வரிசை. வருசாவருசம் பெட்டியைத் திறந்து எண்ணுறனான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நாலாறும் ஆறுநாலும் ஒன்று என்பது பிரம்படி வாங்கிப் படித்த பாடம். கணக்குச் சரியென்றால் நம்மவர்கள் அதற்கப்பால் பார்ப்பதில்லை.

யாக்கோப்பு போலியைக் கொளுக்கியில் பிடித்துத் தூக்கினார். குறுக்கே ஆறு கல். கீழ்நோக்கி நாலு வரிசை.

"பெட்டிக்குள்ளை எப்பிடி வைப்பியள், ஐயா?"

"பக்கவாட்டிலை படுக்க வைக்கிறனான். நிமிர்த்தி வைக்க ஏலாது, பெட்டி கொள்ளாது."

சார்ஜன் வல்லிபுரத்தின் பக்கம் திரும்பினார். "சாத்துற கைக்குக் குறுக்கே நாலெண்டு தெரியும். ஐயர் செய்விச்சிருந்தால் கொளுக்கி இந்தப் பக்கம் வந்திராது. அம்மன் கழுத்திலை பதக்கத்தை மாலை மூடியிருக்கும். நீங்கள் பெட்டிக்குள்ளை பக்கவாட்டிலை கிடந்ததைத்தான் கண்டனீங்கள், அண்ணை. அசலை வித்துப்போட்டு, அந்த ஞாபகத்திலை இதைச் செய்விச்சிருக்கிறியள்."

வல்லிபுரம் வாசற்படியில் குந்திவிட்டார். "சுருட்டு யாவாரம் படுத்திட்டுது..." அவர் வீட்டைச் சோதித்தபோது அலுமாரியில், அசலிலிருந்து கழற்றி விற்காமல் வைத்திருந்த கற்கள் சில அகப்பட்டன.

மத்தியானம் யாக்கோப்பு குருக்கள் வீட்டு முற்றத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. லலிதாம்பிகை பானைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"மன்னிக்க வேணும், அம்மா. ரெண்டு வீட்டையும் ஒரே மாதிரித்தான் சோதிச்சனான்."

லலிதாம்பிகை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓம், ரெண்டு வீடுதான். அங்கை முதல் போயிருந்தால், இஞ்சை வந்தே இருக்கமாட்டீர்."